மிதித்தும் ஏறாத வண்டி

அத்தோக்
நவம்பர் 9

ரூஃபினோ,

அன்று காலை அங்கே இருந்தவர்கள் பெயரை எழுதுகிறேன். நான். என் மகன் டெல்ஃபின். வண்டி ஓட்டிய நீ. உன் பெண்டாட்டியும் என் மகளுமான ஹெர்மினியா, காபித் தூக்கோடு. முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய வாசிங். அறுப்புக் கத்தி பட்டு அவன் இடது கையில் துணிக் கட்டு இருந்தது. லாரிகளுக்கு லைட், வயர் வேலை பார்க்கிற கிளமெண்டே; தன் உருளைக்கிழங்கு மூட்டையை நம் வண்டியில் ஓசியில் போட வந்தவன், என் காபியைக் குடித்துவிட்டுச் சர்க்கரை பத்தாது என்றவன். இவ்வளவு பேர்தான். வேறு யாரும் இருந்ததாக உன் வக்கீல் கொண்டுவந்து நிறுத்தினால் அது பொய். எனக்குப் படிப்புதான் நாலாம் வகுப்போடு நின்றது. ஞாபகம் நிற்கவில்லை.

நீ சிறையிலிருந்து அனுப்பிய கடிதங்களைத் திறக்காமல் அடுப்புக்கு மேல் செருகி வைத்திருந்தேன். நேற்று திறந்தேன். எல்லாவற்றிலும், பெற்ற தாயைக் கூப்பிடுகிற மாதிரி நானாங், நானாங் என்று ஒரே பாட்டு. கேஸை வாபஸ் வாங்குங்கள் நானாங், பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள் நானாங். நான் பார்க்கிற முகம் வேறு.

நான் போலீசில் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். நம் தோட்டத்திலிருந்து பெரிய சாலைக்கு ஏறுகிற சரிவில் வண்டியை எடுத்தாய். பள்ளத்திலிருந்து மூடுபனி வந்துகொண்டிருந்தது. பைன் மரத்தைத் தாண்டினதும் வண்டி தெரியவில்லை, மஞ்சள் விளக்கு மட்டும் தெரிந்தது. இன்ஜின் முக்கிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. பிறகு பானையை அடுப்பிலிருந்து இறக்கினால் கொதி அடங்குமே, அப்படிச் சத்தம் அடங்கியது. டெல்ஃபின் குரல் கேட்டது. என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. கொஞ்சம் பொறுத்து இன்ஜின் அடியோடு நின்றது. பிறகு சக்கரம் உருண்டது.

பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்கக் குனிந்த என் மகன் மேல் வண்டியோடு பின்னால் வந்தாய்.

போலீஸ் ஆட்கள் வண்டியை மிதித்துப் பார்த்தார்கள், நன்றாக உறுமுகிறது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். சாவி அணைந்திருந்தது. "நான்தான் அணைத்தேன்" என்று நீயே ஒத்துக்கொண்டாய். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. அத்தனை சுமையோடு மேட்டில் நிற்கிற வண்டியை எவன் அணைப்பான்? சமவெளிக்காரனுக்கு மேடு பார்த்தால் கால் நடுங்கும் என்று உன் கல்யாணத்தன்றே சொன்னேன். அப்போது எல்லாரும் சிரித்தார்கள்.

அவன் சாவுக்கு வந்த அத்தனை பேருக்கும் வழக்கப்படி வேகவைத்த பன்றி இறைச்சியில் பங்கு கொடுத்தனுப்பினேன். உன் வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. உன் பிள்ளைகள் வெறுங்கையோடு போனதை ஊரே பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் கொடுக்கவில்லை.

பிப்ரவரியில் வாய்தா. ஏன் அணைத்தாய்? அதற்குப் பதில் எழுதுவதானால் எழுது. இல்லையென்றால் தாளை வீணாக்காதே.

அல்பினா


லா டிரினிடாட்
நவம்பர் 19

மரியாதைக்குரிய நானாங்குக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே போதும் என்று இருந்தது. காவலர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். "உங்க மாமியாரா? நீங்க உள்ளேயே இருக்கிறது பாதுகாப்புதான்" என்றார்.

கேஸைப் பற்றி இனி எழுதமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். வண்டி உங்கள் முற்றத்தில்தான் நிற்கிறதாம். அதன் ஆக்ஸிலரேட்டரை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பழைய வண்டியில் மிதிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கும். மிதித்தால் இழுக்கும். இந்த வண்டியில் கம்பி கிடையாது. மிதியோடு ஒரு சென்சார் இருக்கிறது. எவ்வளவு மிதித்தோம் என்பதை அது இரண்டு வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஒரே சேதியை இரண்டு பேர் சொல்வது மாதிரி. முதல் வயர் சொல்வதில் சரிபாதியை இரண்டாவது வயர் சொல்லவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் கம்ப்யூட்டர் நம்பும். ஒத்துப்போகவில்லை என்றால், யாரோ பொய் சொல்கிறார்கள், எதற்கு வம்பு என்று இன்ஜினைச் சும்மா நிற்கும்போது ஓடுகிற வேகத்துக்கு இறக்கிவிடும். அப்புறம் தரை வரை மிதித்தாலும் கேட்காது.

நான் மிதித்தேன் நானாங். தரை வரை மிதித்தேன்.

இந்த வண்டி ஜப்பானில் வலது பக்க ஸ்டியரிங்கோடு ஓடியது. துறைமுகத்துப் பட்டறையில்தான் ஸ்டியரிங்கைப் பிடுங்கி இடது பக்கம் வைத்தார்கள். மிதியும் கூடவே நகர்ந்தது. வயரின் நீளம் பத்தாமல் ஒட்டுப் போட்டிருப்பார்கள். எனக்குச் சந்தேகம் அந்த ஒட்டில்.

ஒரு மீட்டரும் நல்ல பேட்டரியும் வேண்டும். சாவியைப் போடுங்கள், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவேண்டாம். மீட்டரின் கருப்புக் குச்சியைப் பேட்டரி மைனஸில் வையுங்கள். மிதிக்கு மேலே ஆறு வயர் போகிற கட்டு இருக்கும். அதில் வெள்ளையிலும் பச்சையிலும் சிவப்புக் குச்சியை மாற்றி மாற்றி வைத்து, மெல்ல மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். வயரை ஆட்டியும் பாருங்கள். எண் துள்ளினால் அங்கேதான் கோளாறு.

ஒருவர் மிதிக்கவேண்டும், ஒருவர் பார்க்கவேண்டும். ஹெர்மினியாவைக் கூப்பிட்டால் வருவாள்.

சாவியைப் பற்றிக் கேட்டீர்கள். அதை எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ரூஃபினோ


அத்தோக்
டிசம்பர் 1

ரூஃபினோ,

கோபித்துக்கொள்ளாதே என்று எனக்கு நீ சொல்லித் தரவேண்டாம்.

உன் கடிதம் வந்த அன்றே கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. உன் பொய்யை உனக்கே எண்ணால் எழுதி அனுப்பலாம் என்று கிளமெண்டேவிடம் மீட்டர் கேட்டுப் போனேன்.

"எதுக்கு இனா மீட்டரு? கோழிக்கு ஜுரமா?" என்றான், பெற்ற அம்மாவைக் கேட்கிற மாதிரி.

"உன் வாய்க்கு எத்தனை வோல்ட்டுன்னு பார்க்கப் போறேன். பேட்டரியும் எடுத்துக்கிட்டு வா."

கொண்டுவந்து மாட்டினான். எதைச் சோதிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு நின்றது. "வயர் எல்லாம் சரியாத்தானே இருக்கு இனா" என்றான். நான் கேட்கவே இல்லையே, அதற்குள் பதில். வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

பிறகு ஹெர்மினியா. சாவு வீட்டிலிருந்து போனவள் அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அவள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்:

"மிதிக்கணும். வா."

"யாரை?"

"லாரியை."

"நீங்களே மிதிங்க. எங்களை மிதிச்ச கால்தானே, பழகியிருக்கும்."

வாய் யாரிடமிருந்து வந்தது என்று தெரிகிறதல்லவா? உன் கையெழுத்தில் இருந்த தாளைக் காட்டினேன். வாங்கிப் படித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள்.

நீ எழுதியபடியே செய்தோம். அவள் உன் இருக்கையில் உட்கார்ந்தாள், நான் கீழே படுத்து மீட்டரைப் பார்த்தேன். வெள்ளை வயர், காலை வைக்காதபோது 0.8. மெல்ல மிதிக்க மிதிக்க ஏறி 3.8. பச்சை வயர் 0.4, ஏறி 1.9. பாதிக்குப் பாதி. ஒரு துள்ளல் இல்லை, ஒரு தடுக்கல் இல்லை. ஒட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன், கருப்பு டேப் சுற்றி இருந்தது. அதை மாட்டின் வால் மாதிரி ஆட்டினேன். எண் அசையவில்லை. மறுநாள் காலை உறைபனி இருக்கும்போதே திரும்பவும் பார்த்தோம். அதே எண்.

ஆக, வண்டி நல்ல வண்டி. உன் இரண்டு வயரும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன. பொய் சொல்கிறவன் மூன்றாமவன்.

ஹெர்மினியா காலை மிதியிலிருந்து எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு தடவை பாருங்கம்மா, இன்னொரு தடவை" என்றாள். எத்தனை தடவை பார்த்தால் என்ன? இறங்கச் சொன்னேன். இறங்கினாள். போகும்போது கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குத் தேவலை.

ஏன் அணைத்தாய்?

அல்பினா


லா டிரினிடாட்
டிசம்பர் 13

நானாங்குக்கு,

உங்கள் எண்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நானே பார்த்திருந்தாலும் இதைவிடச் சரியாகப் பார்த்திருக்கமாட்டேன். எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஒருவேளை நான்தான் சரியாக மிதிக்கவில்லையோ என்று என் காலையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டேன். தூங்கும்போது கால் சுவரை உதைக்கிறது என்று பக்கத்தில் படுப்பவர் சொல்கிறார்.

ஆகையால் எழுதிவிடுகிறேன். இது வாக்குத் தவறுவதுதான். யாருக்குக் கொடுத்த வாக்கு என்பது உங்களுக்கே புரியும்.

அன்றுதான் முதல் தடவை என்று இல்லை. அதற்கு முன்பே மூன்று முறை ஆகியிருக்கிறது. உரம் ஏற்றிக்கொண்டு வந்த அன்று ஒருமுறை. உங்கள் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பன்றி ஏற்றிப் போனபோது ஒருமுறை. கேரட் சுமையோடு ஒருமுறை. மூன்று முறையும் சத்தம் அடங்கிவிட்டது, மிதித்தால் கேட்கவில்லை. முதல் தடவை டெல்ஃபின்தான் வழி கண்டுபிடித்தான். சாவியை அணைத்துத் திரும்பப் போட்டால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். வண்டி எடுத்துக்கொள்ளும். இந்த மலையில் கம்ப்யூட்டர் வண்டி ஓட்டுகிற எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அணைத்துப் போடு, அணைத்துப் போடு. பட்டறைக்குப் போகலாம் என்று சொன்னேன். அறுவடை முடியட்டும் என்றான்.

அன்று மேட்டில் சத்தம் அடங்கியதும் அவன்தான் குதித்து இறங்கினான். "பிரேக்கைப் பிடி மனோங், நான் கட்டை வைக்கிறேன்" என்றான். என்னை அண்ணன் என்றுதானே கூப்பிடுவான். பிடித்தேன். கைப்பிரேக்கும் இழுத்தேன், அத்தனை சுமையை அது தனியாகத் தாங்காது. கண்ணாடியில் அவன் தெரியவில்லை, வெள்ளையாக இருந்தது. "வெச்சாச்சு, அணைச்சுப் போடு!" என்று குரல் வந்தது. அணைத்தேன். இன்ஜின் நின்றால் இந்த வண்டியின் பிரேக்குக்கு உதவி போய்விடும். மிதி கல் மாதிரி ஆகிவிடும். கட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையில் அணைத்தேன். கட்டை ஈரத்தில் வழுக்கியிருக்கிறது. அதை நகர்த்தி வைக்கத் திரும்பவும் குனிந்திருக்கிறான்.

இதைப் போலீசில் சொல்லியிருந்தால், செத்தவனே தன் சாவை வரவழைத்துக்கொண்டான் என்று எழுதியிருப்பார்கள். உங்கள் முன்னால் அதைப் படித்திருப்பார்கள். அதனால் சொல்லவில்லை. அதுமட்டும் இல்லை. முதல் தடவை ஆனபோதே அவன் என்னிடம் கேட்டுக்கொண்டான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதே மனோங். ஸ்டியரிங்கைப் பிடுங்கி நட்ட வண்டி வேண்டாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாங்க. தெரிஞ்சுதுன்னா நான் சாகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

நீங்கள் நம்பாவிட்டாலும் சரி. கேட்டீர்கள், எழுதிவிட்டேன்.

ரூஃபினோ


அத்தோக்
ஜனவரி 4

ரூஃபினோ,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. கோஸ் ஏற்றிப்போன வண்டிக்காரன் கொண்டுவந்தான். அவனுக்குக் காபி கொடுக்கவில்லை. படித்ததிலிருந்து யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை.

செத்தவன் மேல் பழி போடுகிறாய் என்று முதலில் நினைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு ஹெர்மினியா வீட்டுக்குப் போய், உன் புருஷன் எழுதியதைப் பார் என்று போட்டேன். அவள் படிக்கவே இல்லை. எனக்குத் தெரியும்மா என்றாள். கல்யாணப் பன்றி ஏற்றிப் போனபோது நானும் வண்டியில் இருந்தேனே என்றாள். வாசிங்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேரட் ஏற்றிய அன்று அவனும் இருந்திருக்கிறான். தலையைச் சொறிந்துகொண்டு, "எல்லாருக்கும் தெரியும் இனா" என்றான்.

எல்லாருக்கும்.

சரி. அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இப்போது கவனி. நீ மூன்று நாள் சொல்லியிருக்கிறாய். உனக்கு அவை வெறும் சுமைக் கணக்கு. எனக்கு நாள் முழுக்க ஞாபகம் இருக்கிறது.

உரம் வந்த அன்று மூட்டையெல்லாம் ஈரம். மூடுபனி அவ்வளவு. நான் திட்டினேன், டெல்ஃபின் தார்ப்பாய் போட மறந்துவிட்டான். கல்யாணத்தன்று பாதிரியார் பாதை தெரியாமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டார், அவ்வளவு மூடுபனி. கேரட் அன்று நான் விளக்கோடு பைன் மரத்தடியில் நின்றேன், உங்களுக்கு நம் பாதை திரும்புகிற இடம் தெரியவேண்டுமே என்று. அதுவும் மூடுபனி. நாலாவது அன்று.

அதே சரிவில் மழையில் ஏறியிருக்கிறீர்கள். இதைவிட அதிகச் சுமையோடு, கொளுத்துகிற வெயிலில் ஏறியிருக்கிறீர்கள். மே மாதம் வாசிங் வீட்டுக் கல்லையெல்லாம் ஏற்றியது யார்? ஒருநாளும் நிற்கவில்லை.

இன்னொன்று. அந்த மஞ்சள் விளக்கு வண்டிக்கு எப்போது வந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்காது. உன் சின்னவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை. கிளமெண்டே விருந்துக்கு வெறுங்கையோடு வந்தான். நான் ஜாடையாக ஒன்று சொன்னேன். அவனுக்கு உறைத்துவிட்டது. வீட்டுக்குப் போய் இரண்டு மஞ்சள் விளக்கு எடுத்துவந்து, குழந்தைக்குப் பரிசு என்று வண்டியில் மாட்டினான். குழந்தைக்கு விளக்கு! எல்லாரும் கை தட்டினீர்கள். நீ சொல்கிற மூன்று நாளும் அதற்குப் பிறகுதான். மூடுபனி இல்லாமல் டெல்ஃபின் அதைப் போடவே மாட்டான், பல்பு தீய்ந்துவிடும் என்பான்.

எனக்கு இதற்குமேல் தெரியாது. விளக்குக்கும் மிதிக்கும் என்ன உறவு? அதை நீ சொல்லு.

அல்பினா


லா டிரினிடாட்
ஜனவரி 12

நானாங்,

உடனே எழுதுகிறேன், தாள் இவ்வளவுதான் கிடைத்தது.

மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு அதே வயர்களைத் திரும்ப அளந்து பாருங்கள். மிதிக்கவே வேண்டாம். காலை வைக்காமலே பாருங்கள்.

பிறகு மிதியிலிருந்து வரும் கருப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். அதுதான் எர்த், மின்சாரம் திரும்பிப் போகிற வழி. இரண்டு கருப்பு வயரும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்கே திரும்பப் போகவேண்டும். போகாமல் வழியில் எங்காவது வண்டி உடம்பில் ஒரு போல்ட்டில் முடிகிறதா என்று பாருங்கள். அந்த போல்ட்டில் வேறு எந்த வயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

நான் எத்தனை முறை அந்த விளக்கைப் போட்டிருக்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை.

ரூஃபினோ


அத்தோக்
ஜனவரி 25

ரூஃபினோ,

உறைபனி இந்த வாரம் உருளைக்கிழங்கைக் கருக்கிவிட்டது. அதைப் பார்க்கப் போகாமல் லாரிக்கடியில் படுத்திருந்தேன். ஊர் என்னைப் பார்த்து என்ன சொல்லும் என்று தெரியும். சொல்லட்டும்.

ஹெர்மினியா சாவியைப் போட்டாள். வெள்ளை 0.8, பச்சை 0.4. பழையபடி. "இப்போ விளக்கைப் போடு" என்றேன். வெள்ளை 1.6. பச்சை 1.3.

மிதியில் யார் காலும் இல்லை. நான் கீழே, அவள் கதவுக்கு வெளியே நின்று கையை மட்டும் நீட்டி விளக்கைப் போடுகிறாள். 1.6, 1.3. எனக்குப் பாதிக்கணக்கு தெரியும். இது பாதி இல்லை. அணைக்கச் சொன்னேன், இறங்கியது. போடச் சொன்னேன், ஏறியது. "என்னம்மா, என்னம்மா ஆச்சு?" என்று மேலே இருந்து கத்துகிறாள். நான் போடு, அணை, போடு, அணை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் பகல் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

போலீசில் வண்டியைச் சோதித்தவர்களும் வெயிலில்தானே சோதித்தார்கள். விளக்கை யார் போடப்போகிறார்கள்?

கருப்பு வயரைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டையும் ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றி, ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு போல்ட்டில் முடித்திருந்தார்கள். துறைமுகத்துக்காரன் வேலை. போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட், அதற்கு மேல் துரு. அதே போல்ட்டில் புதிதாகத் தடித்த வயர் ஒன்று. அது மஞ்சள் விளக்கிலிருந்து வருகிறது.

கிளமெண்டேவைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். வந்தான். மீட்டரை அவன் கையில் கொடுத்து, "படி" என்றேன். ஹெர்மினியா விளக்கைப் போட்டாள். அவன் படித்தான். வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். வாய்விட்டும் படித்தான்.

"அங்கே ஏற்கெனவே எர்த் போல்ட் இருந்துச்சு இனா. எல்லாரும் அப்படித்தான்... இருக்கிற போல்ட்டுலதான்..." என்றான்.

விளக்கு மின்சாரம் முழுக்க அந்தத் துருவில் வந்து முட்டி, போகவழி இல்லாமல் மிதி வயரையும் தூக்கிவிடுகிறது என்று அவனே விளக்கினான். துரு எப்போதும் ஒரே அளவு தடுக்காது, மேட்டுக் குலுக்கலில் கூடும் குறையும், அதனால்தான் அணைத்துப் போட்டபோது சில நேரம் கேட்டிருக்கிறது என்றான். விளக்கும்போதே உட்கார்ந்துவிட்டான். அப்படியே மண்ணில். நான் மீட்டர் கேட்டு வந்தபோதே உனக்குச் சந்தேகம் இருந்ததா என்று அவனைக் கேட்டேன். இல்லை, பயம் மட்டும் இருந்தது என்றான்.

அவனைத் திட்டக் கிளம்பினேன். ஹெர்மினியா என் கையைப் பிடித்தாள். சாவுக்குப் பிறகு அவள் கை என்மேல் பட்டது இப்போதுதான்.

திட்டவில்லை. அன்று மட்டும்.

அல்பினா


லா டிரினிடாட்
பிப்ரவரி 3

நானாங்குக்கு,

உங்கள் கடிதத்தைக் காவலர் எனக்குப் படித்துக் காட்டினார். எண்களை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னேன். அவர் வீட்டு வண்டியும் ஸ்டியரிங் மாற்றியதாம், மஞ்சள் விளக்கும் இருக்கிறதாம். அன்று மாலையே போய்க் கழற்றிவிட்டார்.

கிளமெண்டேவை வதைக்காதீர்கள். நான் மாட்டியிருந்தாலும் அந்த போல்ட்டில்தான் மாட்டியிருப்பேன். விளக்குக்கு எங்கே எர்த் கொடுக்கலாம் என்று தேடுவோம், கையெட்டுகிற போல்ட் இருக்கும், முடிந்தது வேலை. அவன் கொடுத்தது பரிசு. மூடுபனியில் எங்களுக்குப் பாதை தெரியட்டும் என்று கொடுத்தான்.

வக்கீல் சந்தோஷப்படுகிறார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வண்டி ஏன் நின்றது என்று தெரிந்துவிட்டது. சாவியை அணைத்த கை என்னுடையதுதான். "வெச்சாச்சு" என்ற குரலை நம்பாமல், இறங்கிப் போய் ஒருமுறை பார்க்க முடியாது, பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. இருந்தாலும் வேறு என்ன செய்திருக்கலாம் என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரை தேடுவேன் போல.

கேஸை விடுவதாக நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். என் காலை நான் சந்தேகப்பட்டேன். அது மிதித்தது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

டெல்ஃபினைக் கோபிக்காதீர்கள். அவன் உங்களுக்குப் பயந்துதான் மறைத்தான், உங்களை ஏமாற்ற இல்லை.

ரூஃபினோ


அத்தோக்
பிப்ரவரி 11

ரூஃபினோ,

நேற்று கோர்ட்டுக்குப் போய்க் கேஸை விடுகிற தாளில் கையெழுத்துப் போட்டேன். அங்கே இருந்த அம்மாள், "யோசிச்சுத்தான் போடறீங்களா பாட்டி, யாரும் மிரட்டலையே?" என்று கேட்டாள். என்னை மிரட்டுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை என்றேன். வியாழக்கிழமை ஹெர்மினியா உன்னை அழைத்துவர வருவாள். கம்பளிச் சட்டை கொடுத்தனுப்புகிறேன், போட்டுக்கொள். டெல்ஃபினுடையது. உனக்குத் தோளில் பிடிக்கும். பரவாயில்லை.

சனிக்கிழமை பன்றி அறுக்கிறேன். ஊரைக் கூப்பிட்டிருக்கிறேன். உன் வீட்டுப் பங்கை என் கையால் மூங்கில் நாரில் கோத்துக் கொடுப்பேன், உன் பிள்ளைகள் கையில், ஊர் பார்க்க. செப்டம்பரில் கொடுக்காததையும் சேர்த்துப் பெரிய துண்டாக. பிள்ளைகளால் தூக்க முடியாது. நீ தூக்கிக்கொண்டு போ.

கிளமெண்டே மஞ்சள் விளக்கைக் கழற்றிவிட்டான். மிதியின் கருப்பு வயரைத் தனித்தனியாகப் பிரித்துக் கம்ப்யூட்டர் வரை இழுத்தான். வேலை முடிந்ததும் காபி கொடுத்தேன், சர்க்கரையே போடாமல். சர்க்கரை கேட்காமல் குடித்தான். இன்னொரு கோப்பை கேட்டான், அதுவும் அப்படியே. மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. அவன் புரிந்துகொண்டிருப்பான். அந்தத் துறைமுகத்துக்காரனை என்ன செய்வது? முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. முகம் தெரியாதவனை எத்தனை நாள் சபிக்க முடியும்? விட்டுவிட்டேன். ஹெர்மினியா, வாசிங், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். அவர்களையும் விட்டாயிற்று. உன்னைச் சமவெளிக்காரன் என்று சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கமாட்டேன். நீ சமவெளிக்காரன்தான். ஆனால் உன் கால் மிதித்தது.

டெல்ஃபினைக் கோபிக்காதே என்று எழுதியிருக்கிறாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

அன்று காலை அடுப்படியில் நானும் அவனும் மட்டும்தான். நீங்களெல்லாம் வருவதற்கு முன்னால். அவனுக்குச் சோறும் உப்பிட்ட இறைச்சியும் வைத்தேன். அடியில் பிடித்திருந்த சோற்றைச் சுரண்டித் தரச் சொன்னான், போட்டேன். பனி ஏறுகிறதே என்று சன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கேட்டேன், "வண்டி எப்படிடா இருக்கு?" சும்மா கேட்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டேன். என் கண்ணைப் பார்த்தான். வாயில் என் சோறு. "குதிரை மாதிரி இருக்கு, இனா" என்றான்.

ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான். பன்றிக்குக்கூடத் தெரிந்திருக்கும். என் வாய்க்குப் பயந்தானாம். இருக்கிற வரைக்கும் சொல்லிக்காட்டுவேனாம். சொல்லிக்காட்டியிருப்பேன்தான். நான் பாட்டுக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருப்பேன், அவன் பாட்டுக்குக் கேட்காத மாதிரி தின்றுகொண்டே இருப்பான். அப்படித்தானே நாங்கள் இருந்தோம்.

கிளமெண்டே வந்து மண்ணில் உட்கார்ந்தான். நீ எழுதினாய். ஹெர்மினியா என் கையைப் பிடித்தாள். எல்லாரும் ஏதோ ஒரு வழியில் வந்துவிட்டீர்கள். அவனும் வந்து அந்த அடுப்படியில் நின்று, பொய் சொல்லிட்டேன் இனா என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், அந்த நிமிஷமே விட்டுவிடுகிறேன். இன்றும் விடியும்முன் எழுந்து அடுப்பு மூட்டினேன். சட்டியில் அடிச்சோறு அப்படியே இருந்தது.

சனிக்கிழமை அவன் பங்கையும் தட்டில் வைப்பேன். திட்டிக்கொண்டேதான் வைப்பேன். நான் சாகிற வரைக்கும் மன்னிக்கப்போவதில்லை என்று ஒரே ஒருவனைத்தான் வைத்திருக்கிறேன்.

டெல்ஃபின்.